கடல் பக்கம் குடும்பத்தோட குடியிருக்க: காசிமேடா, தண்டையார்பேட்டையா, திருவொற்றியூரா, எண்ணூரா?

வட சென்னைல கடல் பக்கமா வீடு பாக்கணும், சின்ன பசங்க இருக்காங்க, அக்கம்பக்கம் நல்லா இருக்கணும், எந்த ஏரியா போலாம்னு கேக்கறவங்க இப்ப ரொம்ப அதிகமாயிட்டாங்க. 2021 பிப்ரவரில வண்ணாரப்பேட்டைலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து கொளத்தூர், பெரம்பூர்ல இருக்கறவங்க கூட இந்தப் பக்கம் வரலாமான்னு யோசிக்கறாங்க. ஆனா எல்லாரும் நாலு ஏரியா பேரையும் ஒண்ணா சொல்லி "எல்லாம் கடலோரம்தானே"ன்னு முடிச்சிடறாங்க. கடல் ஒண்ணுதான், நாலு இடத்துலயும் வாழ்க்கை வேற வேற.

நான் பொறந்து வளந்தது காசிமேடு, கல்யாணம் பண்ணி வந்தது திருவொற்றியூர், சித்தி வீடு புது வண்ணாரப்பேட்டை, தங்கச்சிய குடுத்தது எண்ணூர்ல. அதனால நாலு இடத்தையும் உள்ள இருந்து பாத்த அளவுக்கு எழுதறேன். எனக்கு இந்தக் கரை ரொம்பப் புடிக்கும், அத மறைக்கப் போறதில்ல, அதுக்காக பிரச்சினைய மூடி வச்சும் சொல்லப் போறதில்ல, ஏன்னா குடி வந்தப்புறம் அனுபவிக்கப் போறது உங்க பசங்கதான்.

முதல்ல எத வச்சு முடிவு பண்றது

இங்க சந்தோஷமா இருக்கற குடும்பங்கள கேட்டீங்கன்னா யாரும் "கடல் தெரியுது"ன்னு முதல்ல சொல்ல மாட்டாங்க. எதிர் வீட்டு அக்கா, பக்கத்து வீட்டு ஆயா, மீன், சாயங்கால காத்து, கோயிலு சர்ச்சு பள்ளிவாசல் மூணுலயும் நமக்கு ஒரு பங்கு வர்றது, இதத்தான் சொல்வாங்க. அதனால நான் பாக்கறது அஞ்சு விஷயம்.

ஒண்ணு, தெரு. வாசல்ல உக்காந்து பேசற தெருவா, இல்ல கேட்ட சாத்திக்கற தெருவா. வாடகைக்கு வந்தவங்க எத்தன வருஷமா அங்கயே இருக்காங்கன்னு கேளுங்க, ஏழு எட்டு வருஷமா அதே வீட்டுல இருக்கறவங்க நாலு பேரு இருந்தா அது நல்ல தெரு, இதுக்கு மேல வேற சர்ட்டிபிகேட் தேவையில்ல.

ரெண்டு, கடலுக்கு உண்மையிலேயே போக முடியுதா. இத நிறைய பேரு கேக்கறதே இல்ல. மெரினால அவ்ளோ மணல் இருக்கே, இங்க மட்டும் ஏன் கருங்கல்லு கொட்டி வச்சிருக்காங்கன்னு வந்தப்புறம் கேப்பாங்க. நம்ம கரைல வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை மணல தெக்கேருந்து வடக்கே தள்ளிட்டுப் போவும், 19ஆம் நூற்றாண்டு கடைசில சென்னை துறைமுகத்துக்காக கடலுக்குள்ள சுவரு கட்டினதும் அந்த மணல் தெக்குப் பக்கமே தேங்கி மெரினா அகலமாயிடுச்சு, வடக்கே வர வேண்டிய மணல் வராம கடல் ஊருக்குள்ள ஏறி தெருத்தெருவா வீடுங்கள எடுத்துக்கிச்சு. அத நிறுத்தத்தான் கல்லும், கடலுக்குள்ள நீட்டி வளைச்சுக் கட்டற கல்லுச் சுவரான தூண்டில் வளைவும். அதனால இங்க "பீச்சுக்கு 200 மீட்டர்"னு புரோக்கர் சொன்னா, 200 மீட்டர் தள்ளி மணல் இருக்கா கல்லு இருக்கான்னு நேர்ல போயி பாத்துடணும்.

மூணு, ஸ்கூல், வேலை, ஆஸ்பத்திரி போக வர ஆகற நேரம். நாலு, தண்ணி, புகை, மழைக்காலம். அஞ்சு, காசு. வாடகை மட்டும் இல்ல, உப்புக் காத்து சாப்பிடற காசும் சேத்து. அத தனியா கீழ சொல்றேன்.

ராயபுரம் – காசிமேடு

மனுஷங்க விஷயத்துல இத அடிச்சிக்க வேற இடம் இல்ல, பொறந்த ஊருன்னு சொல்லல. இங்க தெருவே வீடு மாதிரி, ஒரு புள்ள அழுதா நாலு வீட்டுலேர்ந்து எட்டிப் பாப்பாங்க. அம்மா வீட்டு எதிர்ல இருக்கற அக்கா கிட்டதான் இன்னைக்கும் எங்க வீட்டு சாவி ஒண்ணு இருக்கு. அம்மா மார்க்கெட் போயிருந்த நேரத்துல நான் போன் பண்ணா அந்தக்காதான் எடுக்கும், "இன்னாம்மா, ஆயா வெளிய போயிருக்கு, பசிச்சா இங்க வந்து துண்ணு, நெத்திலி வறுத்துருக்கேன்"னு. இது விசேஷமான அக்கா இல்ல, தெருவுக்கு தெரு இப்படி ஒருத்தங்க இருக்காங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தினா எல்லா வீட்டுக்கும் தூக்குல வரும், ரம்ஜானுக்கு பிரியாணி, கிறிஸ்மஸுக்கு கேக்கு, யாரு வீட்டுலயும் அன்னைக்கு தனியா சமைக்க வேண்டியதே வராது.

மீனு. 1984ல வந்த மீன்பிடி துறைமுகம் இது, விடியக்காலைல இருட்டோட ஏலம் ஆரம்பிச்சிடும், சில்லறைக்கு வாங்கறவங்க விடிஞ்சு போனா போதும். கூறு கட்டி வச்சிருப்பாங்க, சங்கரா ஒரு கூறு, கானாங்கெளுத்தி ஒரு கூறு, பேரம் பேசி வாங்கி செவுள தூக்கிப் பாத்து செவப்பா இருந்தா எடுத்துக்கலாம், அங்கயே ஓரமா அருவாமனைய வச்சிக்கிட்டு உக்காந்துருக்கற அம்மாங்க கிட்ட குடுத்தா நாம பை எடுக்கறதுக்குள்ள செதில் எடுத்து துண்டு போட்டுக் குடுத்துடுவாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் போகாதீங்க, ஊரே அங்கதான் இருக்கும், வெலையும் ஏத்தித்தான் சொல்வாங்க. வெளி ஏரியாலேர்ந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது: ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு எதுவும் போவாது, பைபர்னு சொல்ற சின்னப் படகுல கொண்டு வர்றதுதான், வெல எகிறிடும். அந்த ரெண்டு மாசம் தெருல வலைய விரிச்சு வச்சு ஆம்பளைங்க கண்ணு கண்ணா பின்னிக்கிட்டு இருப்பாங்க, எல்லார் கையிலயும் காசு கம்மி, மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டுல கணக்கு ஏறிக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல அக்கம்பக்கம் ஒருத்தருக்கொருத்தர் எப்படி தாங்கிக்கறாங்கன்னு பாத்தா இந்த ஏரியா மேல மரியாதை தானா வரும்.

ஆஸ்பத்திரிக்கு இதவிட வசதியான இடம் வட சென்னைலயே கெடையாது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, பிரசவத்துக்கு ஆர்எஸ்ஆர்எம் அரசு ஆஸ்பத்திரி. ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தைக்கு ஜொரம்னா இத விட பெரிய வரம் என்ன இருக்கு. ராயபுரம் ஸ்டேஷன் 1856லேர்ந்து இருக்கு, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலே அங்கேருந்துதான் வாலாஜா ரோடுக்கு கெளம்புச்சு, இன்னைக்கு அங்கேருந்து பீச் ஸ்டேஷனும் பாரிமுனையும் ரொம்ப கிட்ட. 1949ல திமுக ஆரம்பிச்ச ராபின்சன் பூங்கா இருக்கு, பார்சி அக்னி கோயில் இருக்கு, பசங்கள கூட்டிட்டுப் போயி காட்டிக்கிட்டே இருக்கலாம்.

இப்ப கஷ்டம். வீடு சின்னது, நெருக்கம், பழசு. வெளிச்சம் உள்ள வராத வீடு நிறைய. சத்தம்: ஏலத்துக்குப் போற வண்டி, ஐஸ் உடைக்கிற மிஷினு, விடியக்காலை மூணு மணிக்கே ஊரு முழிச்சிக்கும், தூக்கம் லேசா இருக்கறவங்களுக்கு சிரமம். மீன் வாடை ஒரு மாசத்துல பழகிடும்னு சொல்வாங்க, பொறந்தவங்களுக்கு பழகும், எல்லாருக்கும் பழகுமான்னு நான் உத்தரவாதம் குடுக்க மாட்டேன். கடல்னு பாத்தா என்4 பீச் பக்கம் போயி காத்து வாங்கலாம், படகு பாக்கலாம், சூரியன் மேல வர்றத பாக்கலாம், ஆனா பசங்க எறங்கி வெளையாடற கடல் அது இல்ல. கல்லுல பாசி இருக்கும், வழுக்கினா அவ்ளோதான். எங்க பசங்களுக்கு கல்லு மேல ஏறக்கூடாதுங்கறது மட்டும் ரெண்டாவது பேச்சே இல்லாத சட்டம்.

துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரியும் இங்கதான் வந்து சேரும். வரிசை கட்டி நின்னுச்சுன்னா ரோட்ட தாண்டவே முடியாது.

புது வண்ணாரப்பேட்டை – தண்டையார்பேட்டை – டோல்கேட்

கடலும் வேணும், கடல் மேலயே உக்காரவும் வேணாம்னா இது. மெட்ரோ இந்த ஏரியா நடுவுலயே போவுது, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட்னு மூணு ஸ்டேஷன். சென்ட்ரல், கிண்டி, ஏர்போர்ட் எல்லாம் ஒரே வண்டி, மாற வேண்டியதில்ல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சிட்டிக்குள்ள வேலைக்குப் போறவங்கன்னா இத விட சௌகரியம் இல்ல. துணிமணிக்கு எம்சி ரோடு, அங்க எடுக்காத கல்யாணப் பட்டு வட சென்னைல எந்த வீட்டுல இருக்கு. சாப்பாட்டுக் கடை, டியூஷன், டெய்லர், எல்லாம் தெரு முனைல.

தெரு மனுஷங்களப் பத்தி சொல்லணும்னா, இங்க பசங்கள வளக்கறதே கேரம் போர்டும் பாக்ஸிங் கிளப்பும்தான்னு சொல்லலாம். சித்தி வீட்டுக்குப் போற வழில சாயங்காலம் பாருங்க, ஒரு பல்பு தொங்கும், அதுக்குக் கீழ போர்டு, சுத்தி எட்டு பேரு, பவுடர் வாசனை, ஸ்ட்ரைக்கர் அடிக்கற சத்தம். 2024ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்கின காசிமா இந்த புது வண்ணாரப்பேட்டை பொண்ணுதான், ஆட்டோ ஓட்டறவர் மகள். பொம்பளப் புள்ளைங்கள இப்ப கேரம் கோச்சிங்குக்கு தைரியமா அனுப்பறாங்க, அந்தப் பொண்ணால வந்த மாத்தம் அது.

கொற என்னன்னா வீடுங்க. நிறைய இடம் ஸ்டோர் வீடுதான், ஒரே வாசல், உள்ள ஏழு எட்டு குடித்தனம், பாத்ரூம் பொதுவா இருக்கும். கூட்டாளிக்கு பஞ்சமில்ல, தனிமைக்கு பஞ்சம். தனி பிளாட் கேட்டா வாடகை நாலு ஏரியாலயும் இங்கதான் அதிகம், மெட்ரோ வந்தப்புறம் இன்னும். நிலத்தடி தண்ணியும் பாத்துக்கணும், 2013ல தண்டையார்பேட்டைல போர் தண்ணில எண்ணெய் கலந்து வந்து பெரிய நியூஸ் ஆச்சு, எந்தத் தெருவா இருந்தாலும் வீடு பாக்கும்போது போர் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு மோந்து பாத்துட்டு, குடிக்க மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணி) எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு கீழ் வீட்டுல கேளுங்க, ஓனர கேக்காதீங்க. கடலுக்கு நடந்தே போலாம்தான், ஆனா இங்கேருந்து போற கடலும் அதே கல்லுக் கரைதான்.

திருவொற்றியூர்

பள்ளிக்கூடம் போற வயசுல பசங்க இருக்கற குடும்பத்துக்கு என்னோட ஓட்டு இதுக்குத்தான், அதுலயும் தேரடி, காலடிப்பேட்டை சுத்தி இருக்கற பழைய தெருங்களுக்கு.

ஏன்னா இங்க மூணு விஷயம் ஒண்ணா கெடைக்குது. கிராமம் மாதிரி தெரு, மெட்ரோ, மணல் இருக்கற கடல். தூண்டில் வளைவு போட்டதுக்கு அப்புறம் நடுநடுவுல கொஞ்சம் கொஞ்சமா மணல் திரும்பி சேந்துருக்கு, அங்க சாயங்காலம் பாய் விரிச்சு உக்காரலாம், பசங்க ஓடலாம். பட்டினத்தார் சமாதி கடல் பக்கத்துலயே இருக்கு, கும்பிட்டுட்டு அப்படியே நடந்தா அலைதான். குளிக்க மட்டும் விடாதீங்க, வளைவுக்குப் பக்கத்துல இழுப்பு அதிகம், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ளூர் மீனவப் பசங்களே அங்க எறங்க யோசிப்பாங்க.

கோயில் இந்த ஊருக்கு உயிரு. தியாகராஜர், வடிவுடையம்மன். வெள்ளிக்கெழம பௌர்ணமி சேந்து வந்தா மேலூர் திருவுடையம்மன், இங்க வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்னு ஒரே நாள்ல மூணு அம்மனும் பாக்கறவங்க கூட்டம் வெள்ளமா வரும். கார்த்திகை பௌர்ணமிய ஒட்டி மூணு நாள் மட்டும் இங்க மூலவரா இருக்கற ஆதிபுரீஸ்வரருக்கு கவசம் எடுப்பாங்க, அப்ப கேக்கவே வேணாம். மாசி பிரம்மோற்சவத்துல சுந்தரருக்கும் சங்கிலி நாச்சியாருக்கும் மகிழ மரத்தடில கல்யாணம் நடக்கறத பாக்க எங்க மாமியார் மத்தியானமே போயி எடம் புடிச்சிடுவாங்க, பக்கத்து வீட்டு மேரி அக்காவும் கூடப் போவாங்க, அவங்க வேளாங்கண்ணிக்கு நடந்து போறப்ப மாமியார் இங்கேருந்து பிஸ்கட்டு, தைலம் எல்லாம் கட்டிக் குடுப்பாங்க. கோயில் சாமி ஊர்வலம் வர்ற தெருல வீடு இருந்தா வாசல்ல கோலம் போடற சாக்குலயே தெரு முழுக்க பழக்கமாயிடும். புதுசா குடி வந்தவங்களுக்கு தெருவுக்குள்ள நுழைய இத விட சுலபமான வழி எனக்குத் தெரியல.

கொழந்தைங்க விஷயம் ஒண்ணு சொல்றேன். எங்க பொண்ணு ஸ்கூல் விட்டு நடந்து வர்ற வழில இஸ்திரி போடற அண்ணன், பூக்கார அம்மா, ஜெராக்ஸ் கடை தம்பி மூணு பேரு இருக்காங்க. ஒரு நாள் மழைன்னு அவ பூக்காரம்மா கடைலயே ஒதுங்கி நின்னுட்டா, நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள எனக்கு போன் வந்துடுச்சு, "பாப்பா இங்க இருக்கு, பதறாத, மழ விட்டதும் அனுப்பறேன்"னு. அந்தம்மா கையில என் நம்பர் எப்படி வந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல. இதுக்கு எந்த அபார்ட்மென்ட்லயும் மெயின்டனன்ஸ் கட்டி வாங்க முடியாது.

மறைஞ்ச செலவும் ஆபத்தும்: பெருசு எக்ஸ்பிரஸ் ரோடு. ஊருக்கும் கடலுக்கும் நடுவுல அதுதான் ஓடுது, கன்டெய்னர் லாரி ராத்திரி பகலா போவும். மேற்கால வீடு எடுத்தா ஒவ்வொரு தடவையும் அத தாண்டித்தான் கடலுக்குப் போணும், பசங்கள தனியா விட முடியாது. கிழக்கால எடுத்தா கடல் பக்கம், ஆனா லாரி தூசி, ஸ்கூலுக்குப் போறப்ப அதே ரோட்ட தாண்டணும். எங்கள மாதிரி மேற்கால, கோயில் பக்கம் எடுத்துக்கிட்டு கடலுக்கு பெரியவங்க கூட போறதுதான் நல்லது. இன்னும் மேற்க தள்ளி பக்கிங்காம் கால்வாய் ஓரம் போயிடாதீங்க, மழைக்கு அங்கதான் முதல்ல தண்ணி ஏறும். ரிபைனரி இருக்கற மணலி பக்கத்துலேர்ந்து காத்து திரும்பற ராத்திரில கேஸ் மாதிரி ஒரு நாத்தம் வரும், ஆஸ்துமா இருக்கறவங்க வீட்டுல இத லேசா எடுத்துக்காதீங்க. திருவிழா நாள்ல பைக்க தெருக்குள்ள கொண்டு வரவே முடியாது.

சொந்தமா வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு. இங்க கோயிலுக்குச் சொந்தமான மனை நிறைய. கட்டடம் மட்டும்தான் விக்கறவரோடது, மனைக்கு கோயிலுக்கு வாடகை கட்டணும், பேங்க் லோன் கெடைக்காது. வெல கம்மியா சொன்னா உடனே இதத்தான் கேக்கணும். உயர் அலைக் கோட்டுலேர்ந்து, அதாவது கடல் தண்ணி உச்சமா ஏறி வர்ற எல்லைலேர்ந்து, 500 மீட்டருக்குள்ள இருக்கற இடத்துக்கு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் இருக்கு, மாடி எடுக்கலாம்னு நெனச்சு வாங்கிட்டு அனுமதிக்கு அலையாதீங்க.

எண்ணூர் – கத்திவாக்கம்

அழகுன்னா இதுதான். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம், நெட்டுக்குப்பத்துல உடைஞ்சு நிக்கற பழைய பாலம், விடியக்காலைல ஆத்துல எறங்கி தண்ணிக்குள்ள கையால தடவியே இறா புடிக்கறவங்க. காசிமேட்டுல ரெண்டு ரூமுக்கு குடுக்கற வாடகைல இங்க மொட்ட மாடியோட தனி வீடு கெடைக்கும். தங்கச்சி வீட்டு மாடில ராத்திரி படுத்தா பேன் தேவையில்ல. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மாதிரி ஊர்ல பஞ்சாயத்து கட்டுப்பாடு இருக்கு, எல்லாரும் சொந்தக்காரங்க, ஒருத்தர் வீட்டு சாவுக்கு ஊரே கடலுக்குப் போகாது.

ஆனா உண்மைய சொல்லணும். 2017 ஜனவரில கப்பல் ரெண்டு மோதி எண்ணெய் கொட்டி கரை முழுக்க கருப்பா ஆச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து ஆத்துல, படகுல, கால்வாய் ஓரத்து வீடுங்களுக்குள்ள எல்லாம் படிஞ்சுது. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி உரத் தொழிற்சாலைக்குப் போற கடலடிக் குழாய்ல அமோனியா கசிஞ்சு சனங்க கைக்குழந்தைங்கள தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க. தங்கச்சி குடும்பமும் அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. அனல் மின் நிலைய சாம்பல் தூசி காத்தடிக்கற நாள்ல துணி மேல படியும். இத்தனைக்கும் அந்த ஊரு சனங்க குத்தம் ஒண்ணுமில்ல, அவங்க போராடிக்கிட்டேதான் இருக்காங்க, ஆனா நீங்க புதுசா குடி போறப்ப இத தெரிஞ்சுக்கிட்டுத்தான் போணும்.

பயணம்னா கும்மிடிப்பூண்டி லைன்ல எண்ணூர், கத்திவாக்கம் ஸ்டேஷன் இருக்கு, டிக்கெட் மலிவு, ஒரு வண்டிய விட்டா அடுத்ததுக்கு காத்து நிக்கணும். இல்ல விம்கோ நகர் வந்து மெட்ரோ. பெரிய ஆஸ்பத்திரின்னா திரும்பவும் ஸ்டான்லிதான், ராத்திரில லாரிங்க நடுவுல அந்த தூரம் போறத ஒரு தடவ மனசுல ஓட்டிப் பாருங்க.

உப்புக் காத்து கணக்கு

இது நாலு இடத்துக்கும் பொது, கடலுக்கு கிட்ட போகப் போக ஏறும். வாடகை கம்மின்னு வந்துட்டு இதுல விட்டவங்கள நிறைய பாத்துருக்கேன். ஏசி வெளி யூனிட்டு காயில்தான் முதல்ல போவும், கேஸ் போட்டுக்கிட்டே இருக்கணும், மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணி ஊத்தி கழுவினா கொஞ்சம் தாங்கும், வாங்கறப்பவே உப்புக் காத்து தாங்கற கோட்டிங் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. கிழக்குப் பாத்த பக்கம் யூனிட்ட மாட்டாதீங்க. வாஷிங் மிஷின் அடிப்பக்கம், பிரிட்ஜ் பின்பக்கம், பைக் செயினு, பிரேக் கேபிள், எல்லாத்துலயும் துரு ஏறும். கேட்டு கீல் ஒரு மழைக்காலம் தாண்டினா கிறீச்சுன்னு கத்தும், ஜன்னல் கம்பிய சுரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சு வச்சாத்தான் அடுத்த வருஷம் இருக்கும். பழைய வீட்டுல சீலிங்க அண்ணாந்து பாருங்க, காரை பேந்து கம்பி தெரிஞ்சா அந்த வீடு வேணாம், வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும் சரி, தொட்டில் கட்டற எடத்துக்கு மேல அது விழுந்தா என்ன ஆவும்.

அப்புறம் வழக்கமான சென்னை செலவு. பத்து மாச அட்வான்ஸ் கேக்கற ஓனர் இன்னும் இருக்காங்க. கரண்டுக்கு சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8, 10 ரூபான்னு வாங்குவாங்க, அப்ப அரசு குடுக்கற இலவச யூனிட் உங்களுக்கு வராது. தனி மீட்டர் இருக்கற வீடா பாருங்க.

ஒரு பார்வைல

| பாக்கற விஷயம் | ராயபுரம் – காசிமேடு | தண்டையார்பேட்டை பக்கம் | திருவொற்றியூர் | எண்ணூர் |
|---|---|---|---|---|
| அக்கம்பக்கம் | ரொம்ப நெருக்கம் | நல்லா இருக்கும், தனிமை கம்மி | நெருக்கம், புதுசா வந்தவங்களும் சேரலாம் | ஊர் கட்டுப்பாடு, சொந்தபந்தம் |
| பசங்களுக்கு கடல் | பாக்க மட்டும் | நடந்து போலாம், கல்லுதான் | மணல் உண்டு, பெரியவங்க கூட | பரந்த கரை, மாசு பாத்துக்கணும் |
| பயணம் | பாரிமுனை கிட்ட | மெட்ரோ வாசல்ல | மெட்ரோவும் ரயிலும் | ரயில், இல்ல விம்கோ நகர் மெட்ரோ |
| ஆஸ்பத்திரி | பக்கத்துலயே | கிட்டத்தான் | கொஞ்சம் தூரம் | தூரம் |
| புகை, நாத்தம் | மீன் வாடை, லாரி | லாரி புகை | சில ராத்திரி கேஸ் நாத்தம் | அதிகம் |
| வாடகை | நடுத்தரம், வீடு சின்னது | அதிகம் | நடுத்தரம் | கம்மி, வீடு பெருசு |

யாருக்கு எது

வயசானவங்க, அடிக்கடி ஆஸ்பத்திரி போற நெலம, இல்ல கைக்குழந்த இருக்கற வீடு, இவங்க ராயபுரம் பக்கம் பாருங்க, கல்மண்டபம் பக்கத்துல மீன் துறைமுக சத்தம் வராத தெருவா எடுத்தா ரெண்டு நன்மையும் கெடைக்கும். ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, பசங்கள பாத்துக்க ஆள் இல்ல, வீட்டுல இருக்கற நேரமே கம்மின்னா புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட். ஸ்கூல் போற பசங்க, ஒரு பாட்டி தாத்தா, பத்து வருஷமாவது ஒரே எடத்துல இருக்கணும்னு ஆச, இவங்களுக்கு கண்ண மூடிக்கிட்டு திருவொற்றியூர்னு சொல்வேன். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் கம்பெனில, துறைமுகத்துல வேலைன்னா மட்டும் எண்ணூர் எடுங்க, வேலை சிட்டில இருந்து வாடகை கம்மின்னு மட்டும் அங்க போறதா இருந்தா, வீட்டுல மூச்சுத் தொந்தரவு இருக்கற ஆள் யாராவது இருக்காங்களான்னு யோசிச்சு, இருந்தா வேணாம்.

வாங்கறதுக்கு முன்னாடி எந்த ஏரியாவா இருந்தாலும் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாக்கறதுதான் என் கட்சி. ஒரு ஐப்பசி கார்த்திகை மழை, ஒரு தடைக்காலம், ஒரு திருவிழா, இந்த மூணையும் அந்தத் தெருல கழிச்சீங்கன்னா பத்திரம் பதியலாமா வேணாமான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

வீடு பாக்க ஞாயித்துக்கெழம பகல்ல போகாதீங்க, அப்ப எல்லா தெருவும் நல்லாத்தான் இருக்கும். வேல நாள்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவ, ராத்திரி பத்துக்கு மேல ஒரு தடவ, விடியக்காலைல ஒரு தடவ போங்க. சாயங்காலம் போறப்ப புரோக்கர விட்டுட்டு தனியா போயி, தெரு முனைக் கடைல ஒரு டீ சொல்லிட்டு, "அந்த வீட்டுல முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க"ன்னு கேளுங்க. தண்ணி, கரண்டு, ஓனர் கொணம், மழைக்கு எது வரைக்கும் தண்ணி நின்னுச்சு, எல்லாம் அந்த ஒரு டீக்குள்ள வந்துடும்.